ஒவ்வாமையைத் தமிழில் யார் சொல்வது?

எங்கள் இளைய மகனுக்கு இப்பொழுது வயது பத்து. அவன் கைக்குழந்தையாயிருந்தபோதே, பசுப்பால் அவனுக்கு 'அலர்ஜி' என்று வைத்தியர் ஒருவர் ஆங்கிலத்திற் கூறினார். அதனை நான் 'பால் ஒத்துக்கொள்ளாது' என்று தமிழாக்கி வீட்டிலே அறிவித்தேன். தமிழ்ப் பண்டிதனாகிய எனக்கு மொழிபெயர்ப்பிலே சிறிது செருக்கும் உண்டு. நம்மவர் வீடுகளில் ஒத்துக்கொள்ளாத பொருள்கள் எத்தனையோ உள. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, தயிர் குளிர், அன்னாசி சூடு என்கிறோம். இவற்றை மீறி உண்டால் உடம்பு சிறிது தினவெடுக்கும், அல்லது தடிமன் பிடிக்கும்; அவ்வளவே. அந்த வரிசையிலேயே பாலையும் வைத்துவிட்டேன். அவனுக்கு இரண்டு வயதான ஆண்டின் தைப்பொங்கலன்று, 'ஒரு கரண்டி என்ன செய்துவிடும்?' என்று பாற்பொங்கலை அவன் வாயில் ஊட்டியவனும் நானே. கால் மணி நேரத்துள் உதடு வீங்கிற்று. உடம்பெங்கும் தடிப்பு எழுந்தது. மூச்சுத் திணறத் தொடங்கிற்று. வைத்தியசாலையிலே தொடையில் ஏற்றிய அட்ரினலின் ஊசியே அவனை எங்களுக்கு மீட்டுத் தந்தது.

வைத்தியர் சொன்னதிற் பிழையில்லை. பிழை என் தமிழில் இருந்தது.

அண்மையிலே கொழும்பில், குழந்தைகளின் உணவு ஒவ்வாமை பற்றி மகாநாடொன்று நடைபெற்றது. பெற்றோரும் வரலாம் என்று அறிவித்திருந்தமையால் பேலியகொடையிலிருந்து பஸ் ஏறிச் சென்றேன். பேசிய வைத்தியர்கள் கற்றறிந்தவர்கள், பிள்ளைகள்மீது கருணையுடையவர்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தைக் கொண்டே நான் பலவற்றைக் கற்றுக்கொண்டேன். பாலிலுள்ள சர்க்கரை செரியாமல் வயிறு பொருமுவது வேறு. பாலிலுள்ள புரதத்தைப் பகையென்று கருதி உடம்பின் காவற்படையே கிளர்ந்தெழுவது வேறு. முன்னது துன்பம், பின்னது உயிராபத்து. தமிழிலோ இரண்டும் 'ஒத்துக்கொள்ளாது' தான். இந்நாட்டிற் செய்த ஆய்வுகளிலே, குழந்தைகளுக்குக் கடும் ஒவ்வாமை விளைப்பனவற்றுள் பசுப்பாலும் மாட்டிறைச்சி முதலிய சிவப்பு இறைச்சியும் முன்வரிசையில் நிற்கின்றன என்றார்கள். பால் ஒவ்வாமை பலருக்குப் பள்ளி செல்லும் வயதையொட்டி நீங்கிவிடுமாம். என் மகனுக்கு இன்னும் நீங்கவில்லை.

மீன் பற்றிய ஒரு செய்தி, மத்திய மீன்சந்தையின் வாடையிலே வாழும் எங்களூரார் அறியத்தக்கது. சூரை போன்ற மீன்களைப் பனிக்கட்டியின்றி வைத்தால் அவற்றின் தசையிலே ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. அதனை உண்டவர்க்கு முகஞ் சிவந்து உடம்பு அரிப்பது ஒவ்வாமை போலவே தோன்றும். உண்மையில் அது நஞ்சூட்டம். குற்றம் மீனை வைத்திருந்த முறையிலே, உண்டவர் உடம்பில் அன்று.

மகாநாட்டின் உச்சம் கச்சானைப் பற்றிய பேச்சு. கச்சானைக் குழந்தைக்கு மூன்று வயதுவரை கொடாதீர் என்பதே ஒரு காலத்தில் மேனாட்டு அறிவுரை. ஆனால், கைக்குழந்தைகளுக்கும் கச்சான் கலந்த தின்பண்டம் கொடுக்கும் இஸ்ரவேலிலே அவ்வொவ்வாமை அருகியிருப்பதையும், பிரித்தானியாவில் வாழும் யூதப் பிள்ளைகளிடம் அது ஏறக்குறைய பத்து மடங்காக இருப்பதையும் 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பின்னர் இலண்டனிலே பேராசிரியர் கிடியன் லாக்கின் குழுவினர், கடுஞ் சொறியோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குக் கச்சான் உணவு கொடுத்தும் மற்றதற்கு விலக்கியும் ஐந்து வயதுவரை பார்த்தனர். 2015இல் முடிவு வெளிவந்தது. விலக்கிய கூறில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஒவ்வாமை. உண்ட கூறில் மூன்று பேருக்கே. பழைய அறிவுரை தலைகீழாயிற்று.

இவ்வளவும் ஆங்கிலத்தில். எனக்கு இரண்டு கதிரை தள்ளி ஓர் இளந்தாய் இருந்தார். மடியிலே ஏழெட்டு மாதப் பெண் குழந்தை. அவர் ஒரு சொல்லும் தவறாமற் கேட்பவர்போல முன்னுக்குச் சாய்ந்தே இருந்தார். திரும்பும் பஸ்ஸிலும் அவர் என் பக்கத்து ஆசனத்தில் அமரவே, பேச்சு எழுந்தது. அவரும் எங்கள் பேலியகொடை. கணவர் மீன்சந்தையிலே வேலை. மூத்த பையனுக்குக் கச்சான் ஆகாது.

"ஐயா, சின்னவளுக்கும் கச்சானைக் கண்ணிலயும் காட்டக்கூடாது எண்டுதானே டொக்டர் சொன்னவர்?" என்று கேட்டார்.

நான் திடுக்கிட்டேன். 'பீநட்', 'பேபி' என்ற இரு சொற்களைப் பிடித்துக்கொண்டு, எஞ்சியதைத் தம் அச்சத்தால் நிரப்பி, சொன்னதற்கு நேர்மாறானதை அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறார். அன்று நான் 'அலர்ஜி'யைக் கொண்டுசென்றது போலவே.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. அன்றைய மண்டபத்தில் அதன் சுவடே இல்லை. சிங்களத் தாய்மார் நிலையும் எங்கள் நிலையே. அவர்கள் மொழியும் அங்கு ஒலிக்கவில்லை. உலகத்து ஆய்வாளரோடு பேச ஆங்கிலம் வேண்டும். அதை யார் மறுத்தார்? பெற்றோரை அழைத்த சபையிலே, ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் பத்து நிமிடம் தமிழிலும் பத்து நிமிடம் சிங்களத்திலும் சாரஞ் சொன்னால் எந்த ஆய்வு குன்றிவிடும்? 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தாம் தமிழ் கற்று, மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் போதித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்களைத் தமிழில் ஆக்கினார். அன்று இயன்றது இன்று இயலாதென்று என்னை நம்பச்சொல்லாதீர்கள்.

வைத்தியரை மட்டும் குறைகூறி நழுவ எனக்கு உரிமையில்லை. பண்டிதர்களாகிய நாங்கள் என்ன செய்கிறோம்? 'அலர்ஜி'க்கு 'ஒவ்வாமை' என்று அழகியதொரு சொல் வந்து நிலைத்துவிட்டது. எங்கள் கடமையும் முடிந்ததாக எண்ணிக்கொண்டோம். உயிரைப் பறிக்கும் அதன் உச்சநிலையை ஆங்கிலத்தார் 'அனபிலக்சிஸ்' என்பர்; பிரெஞ்சு அறிஞர் ரிஷே 1902இல் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிய சொல் அது. ஒரு தாய் நள்ளிரவிலே அயலவரைத் தட்டியெழுப்பிச் சொல்லக்கூடிய தமிழ்ச் சொல் அதற்கு எங்கே? ஒரு சொல்லின் புணர்ச்சியைப் பற்றி மூன்று கட்டுரை எழுத எங்களுக்கு நேரமுண்டு. வைத்தியர் ஒருவரோடு ஒரு மாலைப்பொழுது இருந்து ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுத நேரமில்லை.

"இல்லைப் பிள்ளை, அவர் சொன்னது மறுபக்கம்" என்று தொடங்கி, களனிப் பாலம் வரும்வரை விளக்கினேன். அவர் நம்பியும் நம்பாமலும் கேட்டார். பிறகு, "ஐயா, இதை எழுதித் தாருங்கோ. வீட்டில மாமி கேப்பா" என்றார். நிகழ்ச்சி நிரலின் பின்புறத்தில், ஆடும் பஸ்ஸிலே எழுதினேன்: மூத்தவனுக்குக் கச்சான் எள்ளளவும் ஆகாது. சின்னவளை அதற்கு முன் வைத்தியரிடம் காட்டவும். சொறியோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் சோதித்த பின்பே தொடங்கவும். அவர் சம்மதித்தால் நன்கு அரைத்துக் கொடுக்கவும். முழுப் பருப்புத் தொண்டையில் அடைக்கும். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடவும். வேண்டுவது அட்ரினலின் ஊசி.

இந்த நிலையை வைத்தியசாலையில் என்ன பெயர் சொல்லிக் கூறுவது என்று அவர் கேட்டார். அவ்விடத்தில் 'அனபிலக்சிஸ்' என்றே எழுதிக் கொடுத்தேன்.