காரப்பொடி ஏறும் லாரி

விசைப்படகு துறைமுகத்தில் அணைந்ததும் முதலில் இறங்குவது ஐஸ் பெட்டிகள். வஞ்சிரம், வவ்வால், இறால், கணவாய் எல்லாம் தரம் பிரித்து, கூடை கூடையாக ஏலத்துக்குப் போகும். ஏலக்காரரின் குரல் அடங்கி, வியாபாரிகள் கலைந்த பிறகுதான் தளத்தின் மூலையில் கிடக்கும் குவியலுக்கு ஆள் வருவார்கள். கடற்கரையில் அதற்குக் கழிசல் என்று பேர். உள்ளங்கைக்குள் அடங்கும் காரப்பொடி, விரல் நீள சங்கரா, நாடா போன்ற வாளைக் குஞ்சு, நசுங்கிய நண்டு, பெயர் தெரியாத இன்னும் பத்து. மண்வெட்டியால் அள்ளி, ஐஸ்கூட இல்லாமல் லாரியில் கொட்டுவார்கள். லாரி மீன்தூள் ஆலைக்குப் போகும்.

அந்தக் காரப்பொடிதான் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று மிளகு அரைத்துக் குழம்பு வைத்துக் கொடுத்த மீன். அதே மீன் இன்று இறால் பண்ணைக்குத் தீவனம்.

நாட்டின் மீன் கணக்கைப் பார்த்தால் மகிழ்ச்சிதான். 2013-14ல் சுமார் 96 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2022-23ல் 175 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் சாதனை என்று அறிவிப்பு வருகிறது. ஆனால் இந்த 175 லட்சத்தில் 131 லட்சம் டன், குளத்திலும் ஏரியிலும் பண்ணையிலும் வளர்ந்தது. கடல் தந்தது மிச்சமுள்ள 44 லட்சம்தான். 1950-51ல் நிலைமை நேர்தலைகீழ்: மொத்தம் ஏழரை லட்சம் டன், அதில் ஐந்தேகால் லட்சத்துக்கு மேல் கடலுடையது.

மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இன்னும் கறாரானது. 1947ல் தொடங்கி, 1971ல் தலைமையகத்தை ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. அதன் ஊழியர்கள் இறங்குதளங்களில் நின்று, வரும் படகுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, மீனை வகைவாரியாக எடைபோட்டு, அதிலிருந்து கடற்கரை முழுமைக்கும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி 2012ல் 39.4 லட்சம் டன். 2023ல் 35.3 லட்சம். 2024ல் 34.7 லட்சம். (அரசின் 44 லட்சத்துக்கும் இதற்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று யாராவது சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ குடைந்து கேட்டால் நல்லது.) இடையில் மக்கள்தொகை 15 கோடிக்கு மேல் கூடியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால், 2012ல் தலைக்கு 3 கிலோவுக்கு மேல் இருந்த கடல்மீன் 2024ல் இரண்டரை கிலோவுக்கும் கீழே. அதுவும் ஏற்றுமதியையும் மீன்தூள் ஆலையையும் கழிக்காத கணக்கு.

கடலில் மீனே இல்லாமல் போய்விட்டது என்று புலம்புவது எளிது. அது உண்மையும் இல்லை. அதே நிறுவனம் 2022ல் 135 மீன் தொகுதிகளை ஆராய்ந்து, அவற்றில் 91 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது. அதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை. ஆனால் கடலின் குணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதற்கு மத்தியைவிட நல்ல சாட்சி கிடையாது.

குமரி மாவட்டத்தில் சாளை என்று சொல்லப்படும் இந்த மீன் கேரளத்து ஏழை வீட்டின் அன்றாடக் கறி. 2012ல் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் இறங்கியது. 2021ல் இறங்கியது சுமார் 3,300 டன். நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட இல்லை. எல் நினோவால் கடல் சூடானது ஒரு காரணம். கிடைத்த காலத்தில் குஞ்சு, சினை என்று பாராமல் வாரியது இன்னொன்று. இரண்டு, இரண்டரை ஆண்டே வாழும் மீன் அது. ஒரு தலைமுறையைக் குஞ்சிலேயே அள்ளிவிட்டால் அடுத்த ஆண்டே வலை காற்றாடும்.

பிறகு மத்தி திரும்பி வந்தது. வந்த விதம்தான் வேடிக்கை. 2024 ஜூனில் வரத்துக் குறைவால் கேரளச் சந்தையில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு பருவமழை வலுத்து, அடிக்கடலின் சத்தான நீர் மேலே பொங்கியதில் மத்திக் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. சில மாதங்களில் கரையோரமெங்கும் பொடி மத்தி. படகடியில் விலை 20, 30 ரூபாய். சாப்பிட ஆளில்லாத பொடி மீனுக்கு என்றும் தயாராக இருக்கும் வாடிக்கையாளர் மீன்தூள் ஆலைதான்.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும். அந்தத் தூளின் முக்கியப் பயன்பாடு இறால், மீன் தீவனத்தில். 2009ல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்த பிறகு பண்ணைகள் பெருகின. 2023-24ல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல், அதில் மிகப் பெரிய பங்கு அமெரிக்காவுக்கு. அந்நியச் செலாவணி வருகிறது, பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கூடைக்காரி தெருவில் கூவி விற்றிருக்கக்கூடிய மீன், அந்த இறாலின் வயிற்றுக்குள் புகுந்து கப்பலேறுகிறது.

அதான் வளர்ப்பு மீன் வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது. ஆந்திரத்துக் குளங்களில் வளரும் கட்லாவும் ரோகுவும் நம் சந்தைகளில் மலிந்து கிடக்கின்றன. முள்ளில்லாத துண்டாக ஓட்டல் தட்டுக்கு வருவது பெரும்பாலும் பாசா. வயிறு நிறையும். ஆனால் நெத்திலியையும் சாளையையும் முள்ளோடு மென்று தின்றவனுக்குக் கிடைத்த சுண்ணாம்புச் சத்தும் மீன்கொழுப்பும் பாசாத் துண்டில் அந்த அளவுக்குக் கிடைக்காது. கடலோரத்தான் நாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் மீன் விவாதம் என்றால் அது தடைக்காலம், சுருக்குமடி வலை இரண்டோடு முடிந்துவிடுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றன. சுருக்குமடிக்கான தடையை எதிர்த்த வழக்கில் திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது. எந்த வலை, எந்த நாள் என்று இத்தனை சண்டை. வலையில் ஏறிய குஞ்சு எங்கே போகிறது என்று கேட்பார் குறைவு.

கேரளம் 2015ல் 14 மீன் வகைகளுக்குக் குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கி, 2017ல் பட்டியலை 58 ஆக விரித்தது. மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. அதைவிடச் சிறியதைப் பிடித்தால் குற்றம். நடுக்கடலில் ஸ்கேலோடு நிற்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஆலை வாசலில் நிற்கலாம். ஆயிரக்கணக்கான படகுகளைத் துரத்துவதைவிட, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளின் கதவில் லாரியைத் திறந்து பார்ப்பது சுலபம். வாங்க ஆளில்லை என்றால் குஞ்சை அள்ளி டீசல் செலவழித்துக் கரைக்குக் கொண்டுவர எந்தப் படகுக்காரருக்கும் மனம் வராது.

வளர்ந்த பிறகு பிடிபடும் சிறிய வகை மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது அடுத்த வேலை. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் அங்கன்வாடிகள் வழியாகக் கருவாடும் மீன்பொடியும் கொடுத்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடங்களில் முட்டை ஏற்கெனவே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு, நெத்திலிப் பொடியைச் சேர்த்துப் பார்க்கலாம். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ முதலில் தொடங்கினால், சரக்குக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. வெயிலில் மீன் காயவைக்கத் தெரிந்த பெண்கள் அந்தக் கடற்கரைகளிலேயே இருக்கிறார்கள்.