மேலேயா, கீழேயா?

லுணுகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில், மழை ஓய்ந்து பனி இறங்கும் காலைகளில் இனிய காட்சியொன்றைக் காணலாம். கொழுந்து பறிப்போர் மலைக்கு ஏறுமுன், செடிகளினிடையிலும் பாதையோரப் புல்லிலும் வெள்ளைத் துணி விரித்தாற்போலச் சிலந்தி வலைகள் பனித்துளி தாங்கி நிற்கும். வெயில் ஏறியதும் அவை கண்ணுக்கு மறையும். வலை போவதில்லை, துளிதான் போகிறது.

இவை யாவும் ஒரே வகைச் சிலந்தியின் வேலை என்றே நாம் பல ஆண்டுகளாக வகுப்பிற் சொல்லி வந்தோம். தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் எழுந்து, "சேர், புல்லில் இருப்பது வலைக்கு மேலே ஓடுகிறது, செடியில் இருப்பது கீழே தொங்குகிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்று கேட்டாள். மறுநாட் காலை வகுப்போடு சென்று பார்த்தோம். அவள் சொன்னதே சரி.

வாசகர்களும் இதை எளிதிற் சோதிக்கலாம். புல்லில் உள்ள விரிப்பின் ஒரு பக்கம் குழாய்போல் உட்சென்று, சிலந்தி அதிலிருந்து விரிப்பின் மேலே ஓடிவந்தால், அது பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்து ஹிப்பாசா. குழாயின்றி, விரிப்பின் மேலே தாறுமாறான இழைகளும் கீழே தலைகீழாகத் தொங்கும் சிறு சிலந்தியும் இருந்தால், அது விரிப்புவலைச் சிலந்தியாகலாம். மேலிழைகளில் மோதித் தடுமாறும் பூச்சி விரிப்பில் விழ, சிலந்தி கீழிருந்தே கடித்து, விரிப்பினூடாக இழுத்துக்கொள்ளும். கூடாரச் சிலந்தியும் கீழேதான் தொங்கும். ஆனால் அது பருத்தது, அதன் வலை சல்லடைபோல் ஒழுங்கான கண்களுடையது.

விரிப்புவலைச் சிலந்திகளுள் ஒரு சாதி நெரீனே. ஆங்கிலேயரான பிளாக்வோல் 1833இல் இப்பெயரை இட்டார். உடல் சில மில்லிமீற்றரே. கால்கள் மெலிந்து நீண்டு முட்களுடன் இருக்கும். ஆனால் நிறத்தையும் அளவையும் நம்பிப் பெயரிட இயலாது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் வான் ஹெல்ஸ்டிங்கன் 1969இல், இனப்பெருக்க உறுப்புகள் இயங்கும் முறையைக் கொண்டு இச்சாதியை வரையறுத்தார். ஆணின் உறுப்பு திருகாணிபோலச் சுருண்டது. பெண்ணின் உறுப்பில் அதற்கேற்ற மரை உண்டு. இலங்கைக்குரிய நெரீனே கற்றியே என்ற இனத்துக்கும் அவ்வாண்டில் அவரே பெயரிட்டார். ஆகவே, முதிர்ந்த சிலந்தியை நுணுக்குக்காட்டியிற் பார்த்தாலன்றி முடிவு கூறலாகாது.

இத்தனை சிறிய உயிருக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இது மனிதருக்குத் தீங்கு செய்யாது. சிறு பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுகிறது. "எட்டுக்கால் பூச்சி, விஷம்" என்று ஒரே பெயரிட்டு விளக்குமாற்றால் அடிக்கும் கைக்கு இந்த வேறுபாடு தெரியாது. பெயரைத் தவறாகச் சொல்லித் தரும் ஆசிரியரும் அந்தக் கைக்கே துணைபோகிறார்.

அம்மாணவி தன் குறிப்பேட்டில் இவ்வாறு எழுதினாள்: "விரிப்புவலைச் சிலந்தி. நெரீனேயாக இருக்கலாம். நுணுக்குக்காட்டியிற் பார்க்க வேண்டும்." நாம் முன்பு எழுதிக் கொடுத்த பாடக் குறிப்பை அன்றே அடித்துவிட்டோம்.

அடுத்த பனிக்காலையில் உங்கள் வேலியோரத்தையும் பாருங்கள். பெயரைத் தேடுமுன், சிலந்தி மேலேயா, கீழேயா என்று கவனியுங்கள்.