அமைச்சரை யார் கேள்வி கேட்பது?

2024 மார்ச் மாதம். சித்தையன்கோட்டையில் ஒரு டீக்கடை. டி.வி.யில் ஒரே செய்தி. பொன்முடியை மறுபடியும் அமைச்சராக்கச் சொல்லி அன்றைக்கு முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் எழுதுகிறார், அன்றைக்கு ஆளுநராக இருந்த ஆர்.என்.ரவி முடியாது என்கிறார். அறுப்பு வேலை முடிந்து வந்த சித்தப்பா கேட்டார்: 'ஏண்டா தம்பி, இவுக ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறதுல நம்மள யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாகளா?'

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

நடந்தது இதுதான். சொத்துக்குவிப்பு வழக்கில் 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் பொன்முடிக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. பதவி போனது. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. முதலமைச்சர் பரிந்துரைத்தார். தண்டனை நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, ரத்தாகவில்லை. பதவி கொடுப்பது அரசியல் சட்ட அறத்துக்கு விரோதம் என்று ஆளுநர் மறுத்தார். உச்ச நீதிமன்றம் அவரைக் கடுமையாகக் கேட்டது. மார்ச் 22 அன்று பதவியேற்பு நடந்தது.

ஆளுநர் தோற்றது சரிதான். ஒரு ஓட்டுகூட வாங்காதவருக்கு அமைச்சரவையைச் சல்லடை போடும் உரிமை கிடையாது. ஆனால் 'அரசியல் சட்ட அறம்' யாருடைய வார்த்தை? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எடுத்து வைத்த வார்த்தை. அது இயல்பாக வந்துவிடாது, பயின்று வளர்க்க வேண்டியது என்று அவர் எச்சரித்தார். அதை எடுத்து ராஜ்பவன் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டார்கள்.

அதே டிசம்பரில் கே.டி.ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஊழல் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் அமைச்சராகக் கூடாது. நோக்கம் நல்லதுதான், ஆனால் இதைப் பிரதமரும் சட்டமன்றமும் கண்காணிக்கிற மக்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாமே என்றார் அம்பேத்கர். மூன்று கால் முக்காலி அது. முதல் கால் கட்சிக் கணக்கில் சாய்ந்துவிட்டது. இரண்டாவது கால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது நாம்தான் தோழர்களே.

அமெரிக்காவில் ஜனாதிபதி ஒருவரை அமைச்சராக்க நினைத்தால் செனட் சபை கூண்டில் நிறுத்திக் கேட்கும். 1993ல் கிளிண்டன் சட்டத்துறைக்குத் தேர்ந்தெடுத்த ஜோயி பேர்டு, வீட்டு வேலைக்கு ஆவணமில்லாத பெரு நாட்டுத் தம்பதியரை வைத்து, அவர்களுக்கான வரியும் கட்டாதது அம்பலமாகி விலகினார். அங்கேயும் கேட்டது சட்டத்தையும் வரியையும்தான். அந்தத் தம்பதி என்ன பாடுபட்டார்கள் என்று கேட்கவில்லை. இருந்தும், அடுப்படியில் யார் வேலை செய்தார்கள் என்ற பேச்சாவது சபைக்கு வந்தது!

இங்கே? 2022ல் இதே பொன்முடி முகையூர் ஒன்றியப் பெருந்தலைவரான தலித் பெண்ணின் சாதியை மேடையிலேயே கேட்டு உறுதிசெய்துகொண்ட காணொளியை நாடே பார்த்தது. அப்போது ஆளுநருக்கு அறம் ஞாபகம் வரவில்லை. மறுபடி பரிந்துரைத்த முதலமைச்சருக்கும் அந்தக் காணொளி ஞாபகம் வரவில்லை. இருவருக்கும் இடையே நடந்த வழக்கில் அந்தப் பெண்ணுக்கு ஏது இடம்?

துறை ஒதுக்குவதிலும் சாதி இருக்கிறது. நம்மாளு அமைச்சரானால் ஆதிதிராவிடர் நலத்துறை என்று எழுதாத விதி. அம்பேத்கரே 1951ல் நேரு அமைச்சரவையிலிருந்து விலகியபோது, திட்டத்துறை தருவதாகச் சொல்லித் தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024 செப்டம்பரில் உயர்கல்வித் துறை பொன்முடியிடமிருந்து கோவி.செழியனுக்கு வந்தது. வரவேற்போம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் நம்மவர் என்பதற்காகக் கேள்வியை மடித்து வைத்துவிடக் கூடாது.

மூன்றாவது காலுக்கு வலு உண்டு. 2025 ஏப்ரலில் பெண்களைக் கொச்சைப்படுத்திப் பொன்முடி பேசியது வெளிவந்தது. ஊர் கொதித்தது. உயர்நீதிமன்றமும் கையிலெடுத்தது. கட்சிப் பதவி பறிபோனது, அதே மாதம் அமைச்சர் பதவியும் போனது. எந்த ஆளுநரும் தடுக்கவில்லை.

2021 தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக ஓட்டு வித்தியாசம் எங்கள் ஆத்தூர்த் தொகுதியில்தான். ஓட்டை எண்ணும்போது சேரி கணக்கில் வருகிறது. அமைச்சரவை போடும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

இனி எந்தக் கட்சி யாரை அமைச்சராக்கினாலும் மாணவர்களே, தோழர்களே, கூட்டம் போட்டுக் கேளுங்கள். வன்கொடுமை வழக்குகளில் நீ யார் பக்கம் நின்றாய்? உன் துறைக்கு வந்த துணைத்திட்ட நிதி எங்கே போனது? உன் மேடையில் எங்கள் பெண் உட்கார்ந்தால் அவள் பதவியைச் சொல்வாயா, சாதியைச் சொல்வாயா?

சித்தப்பா, கேட்டாகளான்னு நீங்க கேட்டீங்க. கேட்க மாட்டாக. நாமதான் கேக்கணும்.