கற்பூரச் சத்தியமும் முனிசிபல் ஓட்டும்

தேர்தல் வந்துவிட்டால் நமது நாட்டில் சாமிக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்துவிடுகிறது. அதாவது, ஓட்டை விலைக்கு வாங்குகிறவனுக்கு ஜாமீன் நிற்கிற உத்தியோகம்.

தேனி ஜில்லாவில் தேனி-அல்லிநகரம், பெரியகுளம், போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று ஆறு முனிசிபாலிட்டிகள். இவைகளுக்கு 2022-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி தேர்தல் நடந்தது, இனியும் நடக்கும். தேர்தல் என்றால் ராத்திரியில் பணத்தைக் கொடுத்து, கற்பூரத்தை ஏற்றி அணைக்கச் சொல்லி, குலசாமி பேரில் சத்தியம் வாங்குகிற வழக்கம் நமது தென்ஜில்லாக்களில் ஊரறிந்த இரகசியம்.

நாம் கேட்கிறோம்: ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 1920-ம் வருஷம் முதலே சட்டப்படி குற்றம். குற்றத்தில் கூட்டுச் சேர்ந்தவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எந்தக் கோர்ட்டாவது ஒப்புக்கொள்ளுமா? கோர்ட்டு தள்ளுவதைச் சாமி ஏற்றுக்கொள்ளும் என்றால், அந்தச் சாமியின் யோக்கியதையைப் பக்தர்களே சொல்லட்டும்!

இதில் வேடிக்கை என்னவென்றால், பணம் வாங்கிய ஏழை சத்தியம் தவறினால் அவன் கண் அவிந்துபோகுமாம். "சாக்கடை கட்டுவேன், தண்ணீர் விடுவேன்" என்று மேடையேறிச் சொல்லிவிட்டு, ஐந்து வருஷம் வார்டுப் பக்கமே தலைகாட்டாத மெம்பர் எவருக்காவது இதுவரை கண் அவிந்ததுண்டா? சாமி கண்ணைக் குத்துவது ஏழைக்கு மாத்திரந்தானா?

2016-ல் செய்த சட்டப்படி உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு. ஆனால் வீட்டிலுள்ள நாலு ஓட்டுக்கும் ஆண்பிள்ளை ஒருவனே கற்பூரத்தை அணைத்துவிடுகிறான். அவன் செய்த சத்தியம் அவளை எப்படிக் கட்டும்?

நமது பள்ளத்தாக்கில் பாயும் பெரியாற்றுத் தண்ணீர் வருண ஜெபத்தால் வந்ததல்ல. அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் மனிதன் கொண்டுவந்தது. தெருக்குழாயும் சாக்கடையும் அப்படித்தான் வரவேண்டும்.

"ஒரு ஓட்டால் என்ன ஆகும்?" என்கிறவர்கள் சென்னையைப் பார்க்கட்டும். 1949-ல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம், 1959-ல் சென்னைக் கார்ப்பரேஷனின் 100 ஸ்தானங்களில் 45-ஐப் பெற்று, தன் தோழர் அ.பொ. அரசுவை மேயராக்கிற்று. பெரிய கக்ஷியான காங்கிரசைக் கீழே இறக்கியது எந்தக் குலசாமியும் அல்ல. ஜனங்கள் போட்ட சீட்டுத்தான்.

ஆகவே தோழர்களே! பணத்தைத் தொடாதீர்கள், கற்பூரத்தையும் தொடாதீர்கள். முன்பே ஏமாந்து சத்தியம் செய்துவிட்டவர்களும் பயப்பட வேண்டியதில்லை. ஓட்டு இரகசியமானது, கற்பூரமோ ஒரு நிமிஷத்தில் காற்றோடு போய்விட்டது. ஆனால் சாக்கடை ஐந்து வருஷம் உங்கள் வாசலிலேதான் நாறும்.