புரை முத்தட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

"தம்பி, கத்தி கித்தி எல்லாம் எனக்கு வேணாம்யா. நீ ஒரு சொட்டு மருந்து குடு, புரை அப்படியே கரைஞ்சு போயிரட்டும்." எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர், போன வருஷம் ஆடி மாதம் மகனோடு என் மருத்துவமனைக்கு வந்தபோது சொன்ன முதல் வார்த்தை இது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கண்ணின் பாப்பா பால் போல வெளுத்திருந்தது. கண் சிவந்து, கல்லாக இறுகியிருந்தது. "தலைவலி, வாந்தி ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "ஒரு மாசம் முன்னாடி மண்டையைப் பிளந்துச்சு. பித்தம்னு இஞ்சிச் சாறு குடிச்சேன்" என்றார். அது பித்தம் இல்லை. முற்றிப்போன புரை உப்பி, கண்ணுக்குள் நீர் ஓடும் வழியை அடைத்து, அழுத்தம் ஏறியதன் விளைவு. அந்தக் கண்ணுக்கு இப்போது வெளிச்சம்கூடத் தெரியவில்லை. போன பார்வை போனதுதான்.

நாலு வருஷத்துக்கு முன்பே டாக்டர் ஆபரேஷனுக்குச் சொல்லியிருக்கிறார். "முத்தட்டும்" என்று ஒரு வருஷம், "வெயில் காலம் வேண்டாம்" என்று ஒரு வருஷம், பேத்தி கல்யாணம் என்று ஒரு வருஷம். நடுவே யாரோ சொன்னார்கள் என்று நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விட்டிருக்கிறார்கள்.

ஒரு சித்த மருத்துவன் இதைச் சொன்னால்தான் சிலருக்கு நம்பிக்கை வரும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்னிடமும் இல்லை, ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் புரதத்தால் ஆனது. வயதாக ஆக அது கண்ணாடித் தன்மையை இழந்து மங்குகிறது. வெந்து வெளுத்த முட்டையின் வெள்ளைக்கருவை மறுபடி பச்சையாக்க முடியுமா? பொன்னாங்கண்ணியும் முருங்கைக் கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். வந்துவிட்ட புரையை அவை எடுக்காது. பச்சிலைச் சாறு, தேன், தாய்ப்பால் என்று எதையும் வீட்டில் வைத்துக் கண்ணில் விடாதீர்கள். கருவிழியில் புண் வந்தால் அது புரையைவிட மோசம்.

இன்னொன்று. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், நீண்ட நாள் ஸ்டீராய்டு இவையெல்லாம் புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். மூட்டுவலிக்கு 'மூலிகை' என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்து விற்கும் பொடிகளும் உண்டு. எங்கள் துறைக்கே கெட்ட பெயர் வாங்கித் தரும் ஆசாமிகள்!

'முத்தணும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் லென்ஸை முழுசாகப் பிடுங்கி எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். அதனால் பார்வை ரொம்ப மோசமாகும் வரை தள்ளிப்போட்டார்கள். 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்தார். உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்துப் புகுந்த விமானக் கண்ணாடித் துண்டுகள், அதாவது ஒருவகை பிளாஸ்டிக், கண்ணை உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்து அவருக்குத் தோன்றிய யோசனை அது. இன்றைக்குப் புரை முற்றாமல் இருந்தால்தான் ஆபரேஷனே சுலபம். பேப்பர் படிக்கவோ, ரோட்டைக் கடக்கவோ, அரிசியில் கல் பொறுக்கவோ கஷ்டமாக இருந்தால் அதுவே சரியான நேரம்.

நல்லவேளை, பாட்டியின் இடது கண்ணில் புரை மட்டும்தான். கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். மறுநாளே மகனிடமிருந்து போன்: "சார், லென்ஸ்ல ஏழெட்டு ரகம் சொல்றாங்க. சில ஆயிரத்துல ஆரம்பிச்சு லட்சத்துக்கு மேல போகுது. அம்மாவுக்கு எது செஞ்சாலும் தகும், உசத்தியானதையே வச்சிரலாமா?"

இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பாசத்தை விலையால் அளக்கிறோம். விலை கூடினால் பார்வை கூடும் என்று அர்த்தமில்லை. மோனோஃபோக்கல் லென்ஸில் தூரப்பார்வை தெளிவாக இருக்கும். படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். மல்டிஃபோக்கலில் கண்ணாடித் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கல் வெளிச்சத்தில் தெளிவு கொஞ்சம் குறையலாம். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும், கண் அழுத்த நோயால் பார்வை நரம்பு பாதித்தவர்களுக்கும் பொதுவாக அது ஒத்துவராது. ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் ரொம்ப யோசிக்க வேண்டும். கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாதவர்களுக்கு டோரிக் லென்ஸ். அது உண்மையிலேயே பலன் தரும். மடக்கி வைக்கும் லென்ஸ் என்றால் சின்னத் துளை போதும், சீக்கிரம் ஆறும். ஆறிய பிறகு மடங்காத லென்ஸிலும் நல்ல பார்வை கிடைக்கும்.

'ஃபாரின் லென்ஸ்' மோகம் வேறு. 1992-ல் தொடங்கிய மதுரை ஆரோலேப் லென்ஸ்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போகின்றன. 'லேசர்' என்ற சொல்லிலும் மயங்காதீர்கள். பெரும்பாலான ஆபரேஷன்களில் புரையை உடைத்து உறிஞ்சுவது ஒலி அலைக் கருவிதான்.

லென்ஸின் பெயரைவிட, அதன் பவரைக் கணக்கிடும் அளவீடு சரியாக எடுக்கப்படுவது முக்கியம். விழித்திரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸ் டப்பாவில் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

"அம்மாவுக்கு மிஞ்சியிருக்கிறது ஒரே கண். அதில் வளையம் தெரிந்தால் தடுமாறிவிடுவார். சாதாரண மோனோஃபோக்கல் போதுமான்னு அந்த டாக்டர்கிட்டயே கேளுங்க" என்றேன். கேட்டார்கள். அதையே வைத்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பாட்டி வந்தார். யாரும் கையைப் பிடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, உனக்கு இம்புட்டு நரைச்சுப் போச்சா?"