ஆண்டவர் சித்தமா, மனிதரின் அசட்டையா?

"எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று துயருற்றோர் தம்மைத் தேற்றிக்கொள்வதை நான் குறைகூறவில்லை. அவ்வார்த்தையைக் குற்றவாளிகளுக்குக் கவசமாக்குவோரையே கண்டிக்கின்றேன்.

இயேசுவின் மரணம் முன்னரே குறிக்கப்பட்டது என்கிறது லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரம். காட்டிக்கொடுத்தவனுக்குக் கேடு என்பதும் அதே வசனந்தான். இறைவனின் திட்டம் யூதாஸை விடுதலை செய்யவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் 250க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். புலனாய்வு எச்சரிக்கைகள் இருந்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கொலைஞனின் பாவத்தையும் ஆட்சியாளரின் அசட்டையையும் ஆண்டவர்மேல் சுமத்துவது விசுவாசமன்று, தேவதூஷணம். மன்னிப்பைப் போதியுங்கள், நீதியைப் புதைக்காதீர்கள்.