‘ஆண்மைக்குறைவு’ என்றொரு பிழைச்சொல்

மயிலம் போகக் கூட்டேரிப்பட்டுச் சந்திப்பில் பேருந்துக்காக நிற்பவனுக்குப் படிக்க ஒன்றும் இல்லாமல் போவதில்லை. சுவரெங்கும் எழுத்து. தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடுத்தபடி கண்ணில் படுபவை ஆண்மைக்குறைவு, நரம்புத்தளர்ச்சி, இளமையில் செய்த தவறு. கீழே ஒரு கைப்பேசி எண்ணும், வைத்தியர் விடுதியில் தங்கும் தேதியும். மயிலத்திலோ மலைமேல் முருகன், ஆதீனம், ஆதீனத்தைச் சார்ந்த ஒரு தமிழ்க் கல்லூரி. சொல்லின் வேர் தேடக் கற்றுத்தரும் ஊருக்குப் போகும் வழியில்தான் இந்தச் சொல் இப்படி நிற்கிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் மாத்திரை பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் வழக்கு முதலில் ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சொல் ஆளைக் கொல்லக்கூடியது என்பது என் கட்சி.

வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை என்னும்போது ‘ஆண்மை’ ஆளும் திறத்தைக் குறிக்கிறது. பிறன் மனையை நோக்காத மனவலிமையை வள்ளுவர் பேராண்மை என்றார். இத்தனை அகன்ற சொல்லை ஓர் உறுப்பின் இரத்த ஓட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில், பெண் விடுதலைக்கு ‘ஆண்மை’ என்ற கருத்தே அழியவேண்டும் என்று வாதிட்டார் பெரியார். பெண்ணை அடிமைப்படுத்திய அச்சொல் ஆணையும் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை கூடியவன் ‘எனக்குச் சர்க்கரை’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறான். விறைப்புக் குறைந்தவனோ தான் ஆணே அல்லன் என்று ஒப்புக்கொண்டாலன்றி வாய் திறக்க வழியில்லை. ஆகவே அவன் வாய் திறப்பதில்லை.

மருந்துக்கடையொன்றில் ஒருமுறை கண்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பெண்கள் இருவர் வாங்கிப் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு, “அண்ணே, அது ஒண்ணு குடுங்க” என்றார்.

“அம்பதா, நூறா?”

“பெருசாவே குடுங்க.”

அட்டையிலிருந்து கத்தரித்த ஒற்றை மாத்திரை தாளில் மடிந்து வந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. நெஞ்சுவலிக்கு ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கடைக்காரர் கேட்கவில்லை, வந்தவரும் சொல்லவில்லை.

கேட்கப்படாத அந்தக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. சில்டெனாஃபில் என்ற அந்த மருந்தை இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் நிறுவனம் நெஞ்சுவலிக்காகவே முதலில் ஆராய்ந்தது. வேறொரு பயன் தெரியவர, 1998 மார்ச்சில் ‘வயாகரா’ என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இச்சை எழும்போது நரம்புகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடுகின்றன. அதனால் உண்டாகும் ஒரு வேதிப்பொருள் குழாய்களைத் தளர்த்தி இரத்தத்தை உள்ளே விடுகிறது. அப்பொருளைச் சிதைக்கும் நொதியை மாத்திரை தடுக்கிறது, செய்வது அவ்வளவே. அது இச்சையைப் படைப்பதில்லை, ஆண்மையைத் தருவதும் இல்லை.

நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதே வழியில் குழாய்களைத் தளர்த்துகிறது. இரண்டும் கூடினால் இரத்த அழுத்தம் உயிர் போகுமளவு சரியக்கூடும். நைட்ரேட் உண்பவர் இதைத் தொடவே கூடாது. சில்டெனாஃபில் உண்டவருக்கு 24 மணி நேரமும், டாடலாஃபில் உண்டவருக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் தரலாகாது. மாத்திரைக்குப் பின் நெஞ்சு வலித்தால் வெட்கத்தை விட்டு மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டியது அதுதான். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்றவற்றை உண்பவரும் சொல்லியாக வேண்டும். ‘பெருசாவே’ என்பது அளவாகாது. வழக்கமான தொடக்கம் 50 மில்லிகிராம், 65 வயதைக் கடந்தவருக்கு 25. நாளுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. விறைப்பு நான்கு மணி நேரம் தணியாவிட்டாலோ, திடீரெனப் பார்வையோ செவியோ மங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மறைத்து வாங்கியவர் இழந்தது இன்னொன்றும் உண்டு. 1994இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வில், 40 முதல் 70 வயது வரையான ஆண்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இக்குறை இருந்தது. பாதிப் பேருக்கு வருவதை ஆண்மையின் குறை என்பது எந்தக் கணக்கு? சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, புகை ஆகியவற்றால் குழாய்கள் கெடும்போது மெல்லிய குழாய்களே முதலில் காட்டிக்கொடுக்கின்றன. இதயத்தில் அடைப்பு தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பலருக்கு இந்த அறிகுறி வந்துவிடுகிறது. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ போய்ச் சொல்லியிருந்தால், இரத்தம் சோதித்து இதயத்தையும் பார்த்திருப்பார்கள். அந்த எச்சரிக்கையை அவர் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

விடுதி வைத்தியரின் உருண்டை பக்கவிளைவு இல்லாதது என்பார்கள். எனக்குச் சித்த மருத்துவத்தோடு சண்டையில்லை. உள்ளே இருப்பதைச் சொல்லாத பொட்டலத்தோடுதான் சண்டை. மூலிகை என்று விற்ற பொருள்களில் சில்டெனாஃபில் மறைவாகக் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டு எச்சரித்திருக்கிறது. இதய நோயாளி ‘இலை தழைதானே’ என்று நம்பி அதை விழுங்கினால், பிழைக்க வைக்கவேண்டிய மருத்துவருக்கும் உள்ளே போனது என்னவென்று தெரியாது.

பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. முதற்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. எழுபது ஆண்டுகள் கடந்தும் சுவர் அப்படியே நிற்கிறது. சட்டம் தூங்குகிறது என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. நம் கதைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் ஒருவனை இழிவுபடுத்த அதே சொல்லை எடுத்துப் பயன்படுத்துகிறோம். சுவரில் எழுதுபவனுக்காவது பிழைப்பு என்ற காரணம் உண்டு. நமக்கு என்ன காரணம்?

‘விறைப்புக் குறைபாடு’ என்ற சொல் தமிழில் இருக்கிறது. அழகாக இல்லை என்பீர்கள். ‘இரத்தக் கொதிப்பு’ மட்டும் அழகா? ஆனால் அதை எவனும் தலைகுனியாமல் சொல்ல முடிகிறது. மருத்துவர் எதிரில் உட்கார்ந்து சொல்லக்கூடிய சொல்தான் இங்கே வேண்டும். எழுதுகிறவர்களும் பிழைதிருத்துகிறவர்களும் இனி அந்தப் பழைய சொல் கண்ணில் பட்டால் அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.